குடியிருப்புச் சருகும் கூட்டெருவும்

மாசி மாதம் பிறந்ததும் வேம்பும் புங்கும் அரசும் இலையுதிர்ப்பது குடியானவர்களுக்குப் புதிய விஷயமன்று. களத்துமேட்டிலும் ஏரிக்கரையிலும் உதிர்ந்த சருகை வாரி எருக்குழியிற் கொட்டுவதும், அதைத் தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாகப் பரப்பிப் பின்பு சாணத்தோடும் கோமூத்திரத்தோடும் சேர்த்து எடுப்பதும் நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்துவரும் வழக்கங்கள். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள பிரதேசத்தில் இக்காலத்தில் உதிரும் சருகில் பெரும்பகுதி எருக்குழியைச் சேர்வதில்லை. அது வீட்டுமனைப் பிரிவுகளின் தெருவோரங்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மதில் மூலைகளிலும் குவிந்து, காலை வேளையில் நெருப்புக்கு இரையாகிறது. அல்லது மழைநீர் வடிகாலுக்குள் தள்ளப்படுகிறது. சருகை ஒழிக்க வழி தெரியாத குடியிருப்போர் ஒரு புறமும், எருவுக்கு வழி காணாத குடியானவர் மறு புறமுமாக, இடையே ஒரு மதிற்சுவரே எல்லையாக, அடுத்தடுத்து வாழ்கிறார்கள். இவ்விரு திறத்தாருக்கும் பயன்படக்கூடிய சில விஷயங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரதேசத்தின் தன்மை

காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த இப்பிரதேசம் ஏரிப்பாசனத்துக்குப் பேர்போனது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேருகிறது. கிழக்கே மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகிறது. இவ்வேரிகளின் கீழ் நெல் விளைந்த நிலங்கள் பலவற்றில் இப்போது தொழிற்சாலைகளும் வீடுகளும் எழும்பியுள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை 1998-ஆம் வருஷத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், 2010-ஆம் வருஷத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலையும், 2012-ஆம் வருஷத்தில் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. வல்லம் வடகாலில் 2024-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி ஒன்று மட்டுமே 18,720 பேர் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. இவ்வளவு ஜனங்கள் வந்து குடியேறும்போது மனைப்பிரிவுகளும் மாடிக் கட்டிடங்களும் பெருகுவது இயல்பே.

மனைப்பிரிவு பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்டதாயின், சாலைகள் நீங்கலாக உள்ள நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி மன்றத்துக்கு ஒப்படைக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. இவ்விடங்களில் பூங்காக்கள் அமைகின்றன. தெருவோரங்களில் நிழல் மரங்கள் நடப்படுகின்றன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் குடியிருப்போர் நலச் சங்கங்களே ஏற்றுக்கொள்கின்றன. மரம் நடுவதற்கு ஊக்கம் காட்டும் சங்கங்கள், நட்ட மரம் பத்து வருஷம் வளர்ந்து கொட்டத் தொடங்கும் சருகை என்ன செய்வது என்பதை முன்கூட்டி யோசிப்பதில்லை. அதனால்தான் வருஷந்தோறும் மாசி, பங்குனி மாதங்களில் சங்கக் கூட்டங்களில் மரத்தை வெட்டிவிடலாமா என்ற பேச்சு எழுகிறது. சருகுக்கு ஒரு வழி செய்துவிட்டால், மரத்தின்மேல் வரும் அப்பழி தானே நீங்கிவிடும்.

எந்த மரம் எப்போது உதிர்க்கும்

எல்லா மரங்களும் ஒரே காலத்தில் இலையுதிர்ப்பதில்லை. தங்கள் வளாகத்திலுள்ள மரங்களை இனவாரியாக எண்ணி ஒரு காகிதத்திற் குறித்து வைத்துக்கொள்வதே சங்கத்தார் செய்யவேண்டிய முதல் வேலை.

வேம்பு, புங்கு, அரசு ஆகியவை மாசி, பங்குனியில் பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டு உடனே தளிர்விடும். தூங்குமூஞ்சி மரம் அதே காலத்தில் சிற்றிலைகளையும், கோடையில் இனிப்பான நெற்றுக்களையும் கொட்டும். இந்நெற்றுக்களை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். இயல்வாகை கோடையில் தெரு முழுதும் மஞ்சட்பூவைப் பரப்பும். செம்மயிற்கொன்றையின் நீண்ட கட்டை நெற்றுக்கள் எளிதில் மக்குவதில்லை. பாதாம் மரம் வருஷத்துக்கு இரு முறை இலையுதிர்க்கும். அதன் இலை அகலமும் தடிப்பும் உள்ளதாகையால், வடிகாலின் கம்பித் தட்டியை மூடுவதில் அதற்கு நிகர் வேறில்லை. நெட்டிலிங்கம், நாவல் முதலியவை வருஷம் முழுவதும் சிறிது சிறிதாக உதிர்க்கும்.

இலையின் தன்மைக்கேற்ப அது மக்கும் காலமும் மாறும். தூங்குமூஞ்சி, வேம்பு, புங்கு ஆகியவற்றின் இலை விரைவில் மக்கிவிடும். பாதாம், நாவல், நெட்டிலிங்கம் ஆகியவற்றின் இலை தோல்போலத் தடித்திருப்பதால் நறுக்கிப் போடாவிட்டால் மாதக்கணக்கிற் கிடக்கும்.

கொளுத்துவதால் வரும் நஷ்டம்

சருகைக் கொளுத்தினால் சாம்பல் உரமாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். இது பாதி உண்மையே. இலையிலுள்ள சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் சாம்பலில் தங்கும். ஆனால் தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். மண்ணுக்குப் பொலபொலப்பையும் ஈரம் பிடிக்கும் சக்தியையும் தரவேண்டிய கரிச்சத்தோ முழுவதும் வாயுவாகிவிடும். ஆகவே நூறு கிலோ சருகை எரித்தவன் சில கிலோ சாம்பலுக்காக ஒரு மூட்டை எருவை விற்றவனாகிறான்.

இதனினும் பெரிய நஷ்டம் தேக சௌக்கியத்தைப் பற்றியது. பனியில் நனைந்த சருகு கொழுந்துவிட்டு எரியாமல் நெடுநேரம் புகைந்துகொண்டே இருக்கும். அப்புகையில் நுண்ணிய கரித்துகளும், மூச்சுக்குக் கேடான கரி மோனாக்ஸைடு வாயுவும் அடங்கியிருக்கின்றன. இப்பிரதேசத்துக் குடியிருப்புகளில் இரவு முறை வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பிப் பகலில் உறங்குவோர் பலர். சருகைக் கொளுத்துவதும் அதே விடியற்காலையில்தான். ஜன்னலைத் திறந்து வைத்து உறங்கும் தொழிலாளியும், அடுத்த அறையிலுள்ள குழந்தையும் முதியோரும் அப்புகையையே சுவாசிக்க நேரிடுகிறது. மரத்தடியில் வைத்துக் கொளுத்தினால் பட்டைக்கு உள்ளேயுள்ள உயிர்ப்படலம் வெந்து, மரமும் நாளடைவிற் பட்டுப்போகும்.

இது சட்டத்துக்கும் விரோதமானது. 2016-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் வெளியிட்ட திடக்கழிவு விதிகள், தெருவிலும் பொது இடங்களிலும் கழிவை எரிக்கலாகாது என்றும், தோட்டக்கழிவைத் தனியே சேர்த்து வைக்கவேண்டும் என்றும், ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மதில் சூழ்ந்த குடியிருப்புகள் மக்கும் கழிவைக் கூடியவரையில் தம் வளாகத்துக்குள்ளேயே எருவாக்க வேண்டும் என்றும் கூறின. அதே வருஷம் டிசம்பர் மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் கழிவை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் அபராதம் விதிக்கும்படி உத்தரவிட்டது.

வடிகாலும் ஏரியும்

நம் பிரதேசத்தில் வருஷ மழையிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி பெய்த பெருமழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விட்ட நீரும் அடையாற்றின் கரையோரங்களை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வெள்ளத்துக்குச் சருகே காரணம் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் சாதாரண மழைக்கே சில தெருக்களில் முழங்காலளவு தண்ணீர் நிற்பதற்குக் காரணம் தேடினால், வடிகாலின் கம்பித் தட்டியில் பாதாம் இலையும் பிளாஸ்டிக் உறையும் பாய் விரித்தாற்போற் படிந்திருப்பது பல இடங்களிற் காணப்படும். வாய்க்காலிற் புகுந்த சருகு அங்கேயே அழுகி வண்டலோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடித்துச் செல்லப்பட்டால் ஏரியைச் சேர்ந்து, அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீன்களுக்குத் தீங்கு செய்யும்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்தில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மொட்டைமாடியில் விழும் சருகு குழாய் வாயை அடைத்தாலும், சேகரிப்புக் குழியின் மணல், ஜல்லிப் படுகையில் மக்கிப் படிந்தாலும், அவ்வேற்பாடு பெயரளவில்தான் இருக்கும். மேலும் சருகு அடைத்து நிற்கும் மாடித்தண்ணீரில்தான் டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. ஆகையால் புரட்டாசி முடிவதற்குள் மாடி, குழாய், குழி, வடிகால் ஆகிய நான்கையும் ஒரு முறை சுத்தம் செய்துவிடுவதும், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்வதும் அவசியம்.

சருகு மக்கும் விதம்

சருகைக் குவித்து வைத்தால் மட்டும் எருவாகிவிடாது. அதை மக்கச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை வளர்வதற்குக் கரிச்சத்தும் தழைச்சத்தும், ஈரமும் காற்றும் வேண்டும். கரிச்சத்து சுமார் 25 முதல் 30 பங்கும், தழைச்சத்து ஒரு பங்குமாக இருப்பதே அவற்றுக்கு ஏற்ற அளவு. மரமானது இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்குக் குறையாத தழைச்சத்துள்ள புங்கந்தழையே, பழுத்து உதிர்ந்த பிறகு அவ்வளவு வளமுடையதாயிராது. ஆகவே சருகில் கரிச்சத்து 50, 60 பங்குக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்ற விகிதமே சாதாரணமாகக் காணப்படும். தனியே குவித்த சருகு வருஷக்கணக்கிற் கிடப்பதற்கு இதுவே காரணம்.

சமையலறைக் கழிவின் நிலை இதற்கு நேர் எதிரானது. அதில் தழைச்சத்தும் தண்ணீரும் மிகுதி, கரிச்சத்து குறைவு. தனியே குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி நாற்றமெடுக்கும், ஈ மொய்க்கும். குடியிருப்புகளில் எருத்தொட்டி கட்டியும் நாற்றம் பொறுக்காமல் கைவிட்டவர்கள் பலர். அவர்கள் தொட்டியில் குறைவாயிருந்தது சருகுதான். ஒன்றின் குறை மற்றொன்றின் நிறையாக அமைந்துள்ள இவ்விரண்டையும் சேர்ப்பதே கூட்டெருவின் ரகசியம்.

இம்முறையைச் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்து வகுத்தவர்களில் ஆல்பர்ட் ஹோவர்ட் துரை முக்கியமானவர். அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் இந்தூரில் செய்த ஆராய்ச்சியை விளக்கும் நூல் 1931-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. நம் குடியானவர்களும் சீன தேசத்துக் குடியானவர்களும் கையாண்ட வழக்கங்களை ஆதாரமாகக் கொண்டு, சருகு, தட்டை, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, குறித்த காலங்களிற் புரட்டி, சுமார் மூன்று மாதங்களில் எருவாக்குவது இந்தூர் முறை. பின்பு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சி. என். ஆசார்யா, குழியில் அடுக்கி மேலே மண்பூசி மூடி, புரட்டாமலே எருவாக்கும் பெங்களூர் முறையை வகுத்தார். இதில் உழைப்புக் குறைவு. காலம் ஆறு மாதத்துக்கு மேற்படும். ஆள்கூலி மிகுந்த குடியிருப்புகள் தங்கள் வசதிக்கேற்ப இரண்டில் ஒன்றைக் கைக்கொள்ளலாம்.

செய்முறை

சருகு இரண்டு மாதங்களில் மொத்தமாக உதிர்கிறது. சமையலறைக் கழிவோ தினந்தோறும் வருகிறது. ஆகையால் அறுவடைக் காலத்தில் வைக்கோலைப் போர் போட்டு வைத்து வருஷம் முழுவதும் மாட்டுக்கு உருவிப் போடுவதுபோல, சருகையும் சேமித்து வைக்கவேண்டும். வளாகத்தின் ஒரு மூலையில், கட்டிடத்துக்கும் மின்சாரப் பெட்டிக்கும் தூரமாக, கம்பி வலையினால் நாலடி உயரமுள்ள ஒரு கூண்டு அமைத்து, மேலே தகரமோ தார்ப்பாயோ போட்டு, உலர்ந்த சருகை மிதித்து அடைத்து வைக்கலாம். இடமில்லாதவர்கள் கோணிப் பைகளிற் கட்டி அடுக்கலாம். சருகைப் பெருக்கும்போதே பிளாஸ்டிக், கண்ணாடி, ஆணி முதலியவற்றைப் பொறுக்கிவிடவேண்டும். பின்னர்ப் பிரிப்பது இயலாது.

எருத்தொட்டிக்குச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, மூன்றடி முதல் நாலடி வரை நீள அகல உயரமுள்ளதாகக் கட்டுவது நல்லது. இதனிற் சிறியதானால் உஷ்ணம் தங்காது. மிகப் பெரியதானால் நடுவே காற்றுப் புகாது. அடியில் சுள்ளிகளை அரையடி பரப்பவேண்டும். அதன்மேல் சருகு இரண்டு கூடை, சமையலறைக் கழிவு ஒரு கூடை என்ற கணக்கில் மாறி மாறிப் போட்டு, இரண்டு அடுக்குக்கு ஒரு முறை பழைய எருவையோ தோட்டத்து மண்ணையோ ஒரு கைப்பிடி தூவி, இருந்தால் சாணக்கரைசலும் தெளிக்கவேண்டும். சமையலறைக் கழிவு வெளியே தெரியாதபடி எப்போதும் சருகே மேலடுக்காக இருக்கவேண்டும். இந்த ஒரு விதியைத் தவறாமற் கைக்கொண்டால் நாற்றமும் ஈயும் பெரும்பாலும் வாரா.

ஈரத்தைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசியவேண்டும். ஒன்றும் கசியாவிட்டால் தண்ணீர் தெளிக்கவும். ஒழுகினால் சருகு சேர்க்கவும். நான்கைந்து நாட்களில் உட்புறம் 55 முதல் 65 டிகிரி வரை உஷ்ணமேறும். நடுவிற் செருகிய இரும்புக் கம்பியை எடுத்துத் தொட்டால் கை பொறுக்காதவாறு சுடவேண்டும். இவ்வுஷ்ணத்தில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒரு முறை புரட்டிவந்தால் மூன்று, நான்கு மாதங்களில் எரு தயாராகும். கரிய நிறமும், முதல் மழை பெய்த மண்ணின் வாசனையும், கையில் உதிரும் தன்மையுமே அதன் அடையாளங்கள். பாதி மக்கியதை மண்ணிலிட்டால், மக்குவதற்கு வேண்டிய தழைச்சத்தை அது மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ள, பயிர் வெளிறிப்போகும்.

சமையலறைக் கழிவும் சாணமும் கிடையாத இடத்தில், நூறு கிலோ சருகுக்கு ஒரு கிலோ யூரியாவைத் தண்ணீரிற் கரைத்துத் தெளிக்கலாம். எரு தயாரிக்கவே விருப்பமில்லாதவர்கள் சருகை மரத்தடியில் மூன்று அங்குல கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினாலும் நன்மையே. அது வெயிலில் ஈரம் காய்வதைத் தடுக்கும், களையை அடக்கும். தண்டை மட்டும் ஒரு சாண் விட்டுப் பரப்பவேண்டும். இல்லையேல் பட்டை அழுகவும் கறையான் ஏறவும் இடமாகும்.

ஒரு கணக்கு

நூறு வீடுகளுள்ள ஒரு குடியிருப்பை உதாரணமாகக் கொள்வோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ வீதம் சமையலறைக் கழிவு சேர்வதாக வைத்துக்கொண்டால், தினம் ஐம்பது கிலோ. வருஷத்துக்குச் சுமார் 18,000 கிலோ. மேற்சொன்ன இரண்டு கூடைக்கு ஒரு கூடை என்ற விகிதம், எடையில் பார்த்தால் மூன்று கிலோ ஈரக்கழிவுக்கு ஒரு கிலோ சருகு ஆகும். எனவே வேண்டிய சருகு வருஷத்துக்குச் சுமார் 6,000 கிலோ. ஒரு மரத்திலிருந்து முப்பது கிலோ கிடைப்பதாக எண்ணினால், இதற்கு இருநூறு மரங்கள் வேண்டும். நூறு வீடுகளுக்கு இருநூறு மரங்கள் உள்ள குடியிருப்பு எத்தனை? ஆகவே சருகு மிகுதியாயிருக்கிறது என்று குறைகூறும் சங்கத்தார் உண்மையில் சருகுக்குப் பற்றாக்குறை உடையவர்கள். சென்ற மாசியில் அவர்கள் கொளுத்தியது, ஆடியில் நாறும் தொட்டிக்கு மருந்தாயிருக்கவேண்டிய பொருள்.

இவ்விரண்டும் சேர்ந்த 24,000 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். அதுவும் வாயுவும் கழிந்தபின் மிஞ்சும் எரு சுமார் ஆறு டன் என்று கொள்ளலாம். நெற்பயிருக்கு ஏக்கருக்கு ஐந்து டன் தொழு எரு இடவேண்டும் என்பது சிபாரிசு. அஃதாவது, நூறு வீடுகள் எரிக்காமலும் எறியாமலும் இருந்தால், மதிலுக்கு அப்பாலுள்ள ஒரு ஏக்கர் வயலுக்கு வேண்டிய எரு கிடைக்கும். டிராக்டர் வந்து உழவுமாடு குறைந்துவிட்ட இக்காலத்தில் இது சிறு லாபமன்று.

புனே நகரில் சருகை வைத்திருப்போரையும் வேண்டுவோரையும் ஒன்றுசேர்க்கும் ‘பிரவுன் லீஃப்’ என்னும் முயற்சி சில வருஷங்களாக நடந்துவருகிறது. ஒருவர் மூட்டை கட்டி வைத்த சருகை மற்றொருவர் வந்து எடுத்துச் செல்கிறார். ஏரிப்பாசனமும் குடியிருப்பும் தோளோடு தோள் உரசி நிற்கும் நம் பிரதேசத்தில் இவ்வேற்பாடு அதனினும் எளிதில் நடைபெறக்கூடியது.

கிளைகளும் புயலும்

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி கரையைக் கடந்த வர்தா புயலில் சென்னையிலும் சுற்றுப்புற ஜில்லாக்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மேலோட்டமான வேரும் எளிதில் முறியும் கட்டையும் உடைய செம்மயிற்கொன்றை, இயல்வாகை முதலியவை காற்றுக்கு ஆற்றாதவை. புதிதாக நடுவோர் வேம்பு, புங்கு, புன்னை, மகிழ், பூவரசு முதலியவற்றையே தேர்ந்தெடுப்பது உத்தமம்.

உள்ள மரங்களுக்கு ஆனி, ஆடியில் காய்ந்த கிளைகளையும், ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் மட்டும் கழிக்கவேண்டும். தலையை மொட்டையாக வெட்டுவது பெருந்தவறு. அவ்விடத்திலிருந்து கிளைக்கும் போத்துகள் பலமற்றவையாகி அடுத்த காற்றில் ஒடிந்து விழும். மரத்தைச் சுற்றிச் சிமிட்டியும் கல்லும் பதித்து மூடிவிடாமல், குறைந்தது மூன்றடிச் சதுரம் மண்ணாக விடவேண்டும். மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளையை மின்வாரியத்தாரைக் கொண்டே கழிக்கவேண்டும். உள்ளாட்சி மன்றத்துக்கு ஒப்படைத்த பூங்காவிலுள்ள மரத்தை அதன் அனுமதியின்றிச் சங்கத்தார் வெட்டலாகாது. கழித்த கிளைகளில் விரலளவுக்கு உட்பட்டவற்றைத் துண்டித்துத் தொட்டியின் அடியிற் பரப்பலாம், பெரியவை விறகாகும்.

ஜாக்கிரதைகள்

வாரங்கணக்கிற் கிடந்த சருகுக் குவியலில் கண்ணாடி விரியன், தேள் முதலியவை தங்கக்கூடும். கையினால் அள்ளாமல் முள்வாரியினால் கிளறிவிட்டே எடுக்கவேண்டும். பெருக்கும் ஊழியர்களுக்குக் கையுறை, முழங்கால்வரை உயர்ந்த காலணி, மூக்கு மூடி ஆகியவற்றை வாங்கித்தருவது சங்கத்தின் கடமை. பாம்பு கடித்தால் கட்டுப்போடுதல், கீறுதல், பச்சிலை தேடுதல் முதலியவற்றில் காலத்தைக் கழிக்காமல் உடனே விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

நெடுஞ்சாலையோரத்திலும் லாரிகள் நிற்குமிடங்களிலும் தொழிற்சாலை வாசல்களிலும் வாரிய சருகில் டீஸல் கரியும் எண்ணெயும் உலோகத் துகளும் கலந்திருக்கும். அதைக் காய்கறிக்கும் நெல்லுக்கும் இடும் எருவிற் சேர்க்கலாகாது. அலங்காரச் செடிகளுக்கு மட்டும் உபயோகிக்கலாம்.

குடியானவர்கள் கவனிக்கவேண்டிய மற்றொரு விஷயம் உண்டு. தென்னையின் குருத்தைத் துளைத்து நாசம் செய்யும் காண்டாமிருக வண்டு, மக்கும் எருக்குவியலில்தான் முட்டையிடுகிறது. ஆகையால் தென்னந்தோப்புக்கு அருகில் எருவை மாதக்கணக்கிற் கவனியாமல் விடலாகாது. புரட்டும்போது வெண்ணிறமான பருத்த புழுக்களைப் பொறுக்கி அழிக்கவேண்டும். மெட்டாரைஸியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் குவியலில் கலந்து வைத்தால் அது இப்புழுக்களைத் தாக்கிக் கொல்லும்.

மாத வாரியாக

தை: மரங்களைக் கணக்கெடுத்தல், சருகுக் கூண்டு அமைத்தல்.
மாசி, பங்குனி: தினம் பெருக்கிச் சருகை உலர்த்திச் சேமித்தல், மரத்தடியில் மூடாக்கு.
சித்திரை, வைகாசி: பூவும் நெற்றும் வாரித் தொட்டியிற் சேர்த்தல், குவியல் காயாமல் தண்ணீர் தெளித்தல்.
ஆனி, ஆடி: காய்ந்த கிளை கழித்தல், முதல் எருவைச் சலித்து எடுத்தல்.
ஆவணி, புரட்டாசி: சம்பா நடவுக்கு முன் எருவை வயலுக்கு அனுப்புதல், மாடி, குழாய், குழி, வடிகால் சுத்தம்.
ஐப்பசி முதல் மார்கழி வரை: தொட்டிக்கு மேல்மூடி, வடிகாலை வாரந்தோறும் பார்த்தல், ஒடிந்த கிளைகளை உடனே அகற்றுதல்.

இவற்றுள் எதற்கும் பெரிய முதலீடோ யந்திரமோ தேவையில்லை. வேண்டுவது ஒரு மூலை இடமும், பொறுப்புள்ள ஓர் ஆளும், பக்கத்துக் கிராமத்துக் குடியானவரோடு ஒரு பேச்சும்தான். சருகை நான் கட்டி வைக்கிறேன் என்று சங்கத்தாரும், எருவை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று குடியானவரும் ஒப்புக்கொண்டுவிட்டால், மீதியை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். எரு தயாரிப்பைப் பற்றி மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தை அணுகுவார்களாக. வீடாக மாறிவிட்ட வயல் திரும்பி வராது. அவ்வீட்டு வாசலில் உதிரும் இலையாவது எஞ்சியுள்ள வயலுக்குத் திரும்பட்டும்.